இதய அறுவையில் தைமஸை எடுத்துவிட்டார்கள். என் மகளின் டி செல்கள் இனி எங்கே பக்குவப்படும்?

கயலம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே உயிரியல் படித்தவர்கள் பலர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கயலுக்கு இப்போது ஆறு வயது. பிறந்த மூன்றாவது வாரம், அழும்போது உதடு நீலமாகிறதே என்று முதலில் கவனித்தவர் என் மாமியார். ஃபாலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் குறை என்றார்கள். ஏழாவது மாதத்தில் திறந்த இதய அறுவை நடந்தது. இப்போது ஓடுகிறாள், ஸ்கிப்பிங் ஆடுகிறாள். வருடத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்கிறோம்.

போன வாரம் பள்ளி மாற்றுவதற்காகப் பழைய ஃபைலைத் திறந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில், மார்பெலும்பைத் திறந்தது பற்றிய வரிக்கு அடுத்த வரி: தைமஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. ஐந்தரை வருடமாக அந்தக் காகிதம் என் பீரோவில்தான் இருக்கிறது. அந்த வரியை நான் படித்ததே இல்லை. யாரும் எனக்குச் சொன்னதாகவும் நினைவில்லை. சொல்லியிருந்தாலும், அன்றைக்கு என் காதில் எதுவும் விழுந்திருக்காது.

தம்பி மகனின் ப்ளஸ் டூ புத்தகத்தை வாங்கிப் படித்தேன். கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்சில் இருக்கும் தைமஸ் என்ற உறுப்புக்கு வந்து பக்குவப்படுகின்றன என்று போட்டிருக்கிறது. எது நம் உடம்பு, எது அந்நியம் என்று பிரித்தறிவதும் அங்கேதானாம். படித்ததிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. தைமஸ் இல்லாத பிள்ளைக்கு மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் எங்கே போகும்? ஏழு மாதத்துக்குள் வெளியே வந்த செல்கள் மட்டும்தான் அவளுக்கு ஆயுளுக்குமா? பக்குவப்படாத செல்கள் ரத்தத்தில் நுழைந்து அவளையே தாக்குமா? என் அம்மாவுக்குத் தைராய்டு உண்டு, உடம்பு தன்னையே தாக்குவதால் வருவது என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் இந்தப் பயம் அதிகம்.

அவளுக்குச் சளி, காய்ச்சல் எல்லாம் மற்ற பிள்ளைகளைப் போலத்தான். பெரிதாக எதுவும் வந்ததில்லை. அடுத்த செக்கப் மூன்று வாரம் கழித்து. அதற்குள் புரிந்துகொண்டு போனால் சரியான கேள்விகளைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.


விலங்கியல் வாத்தியார் எழுதியது:

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். நான் 19 வருடமாக ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறேன். டி செல் என்ற பெயரில் உள்ள டி என்பதே தைமஸைத்தான் குறிக்கிறது. தைமஸ் ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. மஜ்ஜையிலிருந்து விவரம் தெரியாமல் வரும் செல்கள் அங்கே நண்பன் யார், எதிரி யார் என்று படித்துத் தேர்வாகி வெளியே போகின்றன. பருவ வயதுக்குப் பிறகு தைமஸ் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். நமக்கெல்லாம் கிட்டத்தட்ட இல்லாத உறுப்புதான் அது, நாம் நன்றாகத்தானே இருக்கிறோம். உங்கள் மகளுக்கு அது கொஞ்சம் முன்னதாக நடந்துவிட்டது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.


லேப் சரசு எழுதியது:

கயலம்மா, நான் மருத்துவர் இல்லை. நோயெதிர்ப்பு ஆய்வகம் ஒன்றில் 24 வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வேலையில் பாதி எலியின் தைமஸோடுதான். எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு அது. அதனால் பதிலும் நீளும்.

வாத்தியார் சாருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பள்ளிக்கூட உவமையை விட்டுவிடலாம். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதனால்தான் கயலம்மாவுக்கு இப்படி ஒரு பயம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை மாறுகிறது, தெரியாததைத் தெரிந்துகொள்கிறது. தைமஸில் எந்தச் செல்லும் எதிரியைப் பற்றிப் பாடம் படிப்பதில்லை. அங்கே நடப்பது என் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து செய்த வேலை. முதலில் முறத்தில் புடைப்பது, அப்புறம் கல் பொறுக்குவது. அரிசி எதையும் கற்றுக்கொள்வதில்லை. பதர் பறந்து போகிறது, கல் வெளியே போகிறது, மிச்சம் இருப்பது சோறாகிறது.

எப்படி என்று சொல்கிறேன். மஜ்ஜையிலிருந்து தைமஸுக்கு வரும் செல்லுக்கு ஏற்பி, அதாவது எதையாவது அடையாளம் கண்டு பிடிக்கும் கை, என்று எதுவும் இருக்காது. சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளப் புரதங்களும் இருக்காது. தைமஸின் வெளிப்பகுதியில் உட்கார்ந்து அது தன் ஏற்பி மரபணுவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக்கொள்ளும். ராக்1, ராக்2 என்ற இரண்டு புரதங்கள் அந்த வெட்டுவேலையைச் செய்கின்றன. எந்தத் துண்டு எதோடு சேரும் என்பது தாயக்கட்டையை உருட்டுவது மாதிரிதான். அதனால் ஒவ்வொரு செல்லுக்கும் ஒவ்வொரு விதமான ஏற்பி. சில எதற்கும் உதவாதவை, சில அருமையானவை, சில நம் கணையத்தையோ தைராய்டையோ பிடித்துக் கடிக்கக்கூடியவை. எது எது என்று உருட்டும்போது யாருக்கும் தெரியாது. உருட்டி முடித்த செல்லின் மேல் சிடி4, சிடி8 இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

நாலைந்து வார எலியின் நெஞ்சைத் திறந்தால் இதயத்துக்கு மேலே இரண்டு வெள்ளை மடல்கள் தெரியும். நனைத்த அவல் மாதிரி மெத்தென்று இருக்கும். அதைக் கம்பி வலையில் வைத்து சிரிஞ்சின் பின்பக்கத்தால் மெல்லத் தேய்த்தால் கீழே உள்ள திரவம் பால் மாதிரி கலங்கும். எண்ணினால் 10 கோடிக்கு மேல் செல்கள். சாயமேற்றி மெஷினில் விட்டால் திரையில் நான்கு மூலைகளாகப் பிரிந்து விழும். அதில் நூற்றுக்கு 80 புள்ளி, இரண்டு அடையாளமும் உள்ள அந்த மூலையில்தான் கொட்டிக் கிடக்கும். முதல்முறை பார்த்தபோது, அடேயப்பா, இத்தனையும் வெளியே போய்ச் சண்டை போடப்போகிறதா என்று கேட்டேன். என் மேலாளர், இல்லை சரசு, இதில் பெரும்பாலானவை மூன்று நான்கு நாளில் இங்கேயே செத்துவிடும் என்றார். நூற்றுக்கு 95க்கும் மேல் உயிரோடு வெளியே போவதில்லை. அன்று ராத்திரி எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

ஏன் சாகின்றன? முதலாவது, புடைப்பது. நம் செல்கள் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை எச்.எல்.ஏ என்ற தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டு ஆளுக்கு ஆள் மாறும், மாற்று உறுப்புக்குப் பொருத்தம் பார்ப்பதே அதைத்தான். டி செல்லுக்குத் தட்டில் வைத்துக் காட்டினால்தான் எதுவும் தெரியும். ஆகவே இந்த உடம்பின் தட்டை லேசாகவாவது தொட முடிகிற ஏற்பி வேண்டும். தைமஸின் வெளிப்பகுதிச் செல்கள் தட்டை நீட்டுகின்றன. எதையும் தொட முடியாதவற்றுக்கு, பிழைத்திரு என்ற சமிக்ஞை கிடைப்பதில்லை, தானாக அடங்கிவிடுகின்றன. இவைதான் பதர். சாவில் பெரும்பங்கு இவற்றுடையது. தொட்டவற்றில் எந்த வகைத் தட்டைத் தொட்டதோ அதற்கேற்ப சிடி4 அல்லது சிடி8, ஏதோ ஒன்று மட்டும் நிற்கும், மற்றது மறையும்.

அடுத்தது கல் பொறுக்குவது. இது பெரும்பாலும் உள்பகுதியில் நடக்கிறது, தைமஸின் அதிசயமே அங்கேதான். உள்பகுதிச் செல்கள், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத புரதங்களைத் தயாரிக்கின்றன. கணையம் செய்யவேண்டிய இன்சுலின், தைராய்டின் புரதம், கண்ணின் புரதம், உமிழ்நீர்ப் புரதம் என ஆயிரக்கணக்கில். ஒரே செல் எல்லாவற்றையும் செய்வதில்லை, ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நவராத்திரிக் கொலுவில் ஊர் உலகத்தையே ஒரு படிக்கட்டில் அடுக்குவது மாதிரி, உடம்பு முழுவதும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. டி செல் நாலைந்து நாள் அதற்குள் சுற்றுகிறது. எதையாவது மிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால், அது கல். அங்கேயே சாகடிக்கப்படும். பக்கத்திலேயே காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடும்.

இந்தக் கொலுவை அடுக்கும் மரபணுவின் பெயர் ஏர். 1997இல் கண்டுபிடித்தார்கள். அது பழுதானால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்துப் பிள்ளைகளே சாட்சி. அங்கே சுமார் 25,000 பேரில் ஒருவருக்கு அந்தப் பழுது பரம்பரையாக வருகிறது. தைமஸ் இருக்கும், டி செல்களும் இருக்கும். ஆனால் கல் பொறுக்கப்படாமல் வெளியே போன செல்கள் பாராதைராய்டு, அட்ரினல் என்ற சுரப்பிகளை அழிக்கும். வாயில் பூஞ்சைத் தொற்று விடாமல் வரும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தைமஸைத் தாண்டாத செல், பக்குவமில்லாத அரைகுறையாக ரத்தத்தில் அலைந்து உங்கள் மகளைக் கடிக்காது. தைமஸின் செல்கள் கொடுக்கும் சமிக்ஞை இல்லாமல் மஜ்ஜை செல் டி செல்லாகவே ஆவதில்லை. ஏற்பி இல்லாத செல்லுக்கு எதையும் பிடிக்கத் தெரியாது. ஆகவே ஆபத்தான செல்கள் கூடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். புதிதாக வரும் செல்கள் குறையும், அதுதான் நடக்கும்.

குறைந்தால் என்ன ஆகும்? 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் விஞ்ஞானி, பிறந்த அன்றே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். சில வாரத்தில் குட்டிகள் மெலிந்தன, தொற்று வந்து செத்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட உடம்பு ஏற்றுக்கொண்டது. தைமஸுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். அதுவரை அதைச் செத்த செல்களின் கிடங்கு என்றே பலர் நினைத்திருந்தார்கள். வளர்ந்த எலிக்கு எடுத்தால் அப்படி ஒன்றும் ஆகவில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் பயந்துவிடக் கூடாது, அதனால் உடனே சொல்கிறேன். எலிக்குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் டி செல்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. மனிதக் குழந்தை அப்படியில்லை. நீங்கள் நாலு மாதம் முழுகாமல் இருந்தபோதே கயலின் தைமஸ் புடைத்துப் பொறுக்கி வெளியே அனுப்பத் தொடங்கியிருக்கும். வயிற்றுக்குள் ஐந்து மாதம், வெளியே ஏழு மாதம். வாழ்நாளிலேயே தைமஸ் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும் ஒரு வருடம் அது. அந்த வருடம் முழுவதும் அவளுக்குத் தைமஸ் இருந்தது. மில்லரின் குட்டிகளோடு அவளை ஒப்பிடவே முடியாது. இன்னொன்று, மனிதர்களில் இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத புதுமுக டி செல்கள் பல வருடம் வாழும், ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்களைத் தாங்களே பெருக்கிக்கொள்ளும். சம்மரியில் பெரும்பகுதி என்றுதானே இருக்கிறது? மிச்சம் வைத்த துண்டு சில பிள்ளைகளுக்கு மீண்டும் வளர்ந்திருக்கிறது.

ஏன் எடுத்தார்கள் என்றும் கேட்பீர்கள். அந்த வயதில் தைமஸ் இதயத்தின் மேலேயே போர்வை மாதிரி படுத்திருக்கும். அதை விலக்காமல் கை வைக்க இடமே கிடைக்காது.

வாத்தியார் சார், கொழுப்பாகிவிடும் உறுப்பு, இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் பெரியவர்களுக்குத் தைமஸ் எடுத்த பின் என்ன ஆனது என்று பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. ஐந்து வருடத்துக்குள் இறந்தவர்கள் தைமஸ் எடுத்தவர்களில் 8.1 சதவீதம், அதே மாதிரி நெஞ்சு அறுவை செய்து தைமஸ் எடுக்காதவர்களில் 2.8 சதவீதம். பழைய பதிவுகளை வைத்துச் செய்தது, அதனால் எல்லாமே தைமஸால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒன்றுமில்லாத உறுப்பு என்று இனி பாடம் நடத்தாதீர்கள், தயவுசெய்து. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் குழந்தைகளின் தைமஸ் பெரிதாக இருப்பதை நோய் என்று தவறாக நினைத்து, சுருங்கட்டும் என்று கதிர் பாய்ச்சினார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. ஆரோக்கியமான பிள்ளையின் தைமஸ் பெரிதாகத்தான் இருக்கும். நோயிலும் பட்டினியிலும் செத்த பிள்ளைகளை அறுத்துப் பார்த்து, அவர்களின் சுருங்கிய தைமஸையே சரியான அளவு என்று வைத்துக்கொண்டதால் வந்த வினை. எங்களுக்கு ஒருமுறை மே மாதத்தில் எலிகள் வழியில் மாட்டி ஒன்றரை நாள் தாமதமாக வந்தன. திறந்தால் தைமஸ் பாதிகூட இல்லை. களைப்புக்கும் பயத்துக்கும் அந்த உறுப்பு அவ்வளவு சீக்கிரம் கரையும்.


மூடும் இமை எழுதியது:

வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்குத் தைமஸ் எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. 34 வயதில் சாயங்காலமானால் இடது இமை தானாகச் சரியும். அப்புறம் சப்பாத்தி மெல்லும்போது தாடை சோர்ந்துவிடும். மயஸ்தீனியா கிராவிஸ் என்றார்கள். நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை என் உடம்பே தாக்கிக்கொண்டிருந்தது. சிடி ஸ்கேனில் தைமஸில் ஒரு கட்டி. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு அப்படி இருக்குமாம்.

சரசு அக்கா எழுதியதைப் படித்ததும்தான் ஒன்று புரிகிறது. என்னிடம் முறம் இருந்தது, ஆனால் கிழிந்த முறம். அந்தக் கட்டி டி செல்களைச் செய்துகொண்டே இருந்தது, சரியாகப் பொறுக்காமலே வெளியே அனுப்பியது. அப்படித்தானே அக்கா?

கயலம்மா, எனக்கு எடுத்த பிறகு மாத்திரை நாலில் ஒன்றாகக் குறைந்தது. பைக் ஓட்டுகிறேன், வேலைக்குப் போகிறேன். உங்கள் மகளின் நிலை வேறு என்று தெரியும். தைமஸ் இல்லாமல் ஒருவன் இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான் என்பதைச் சொல்லத்தான் எழுதினேன்.


கயலம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சரசு அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். வயிற்றுக்குள்ளேயே தொடங்கியிருக்கும் என்ற இடத்தில் கொஞ்சம் அழுதுவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. என் மாமியார் எவ்வளவு பார்த்துப் பொறுக்கினாலும் சோற்றில் ஒரு கல் சிக்கத்தான் செய்யும். தைமஸிலும் அப்படி ஒன்றிரண்டு தப்புமா? தப்பினால்? என் அம்மாவின் தைராய்டு மாதிரி?


லேப் சரசு எழுதியது:

இமை தம்பி, நீங்கள் சொன்னது சரி. அந்தக் கட்டிகளில் பெரும்பாலும் ஏர் வேலை செய்வதில்லை. கொலு இல்லாத தைமஸ். உங்களுக்கு அதை எடுத்தது அவசியம், நான் மேலே எழுதிய 2023 கணக்கைப் பார்த்து மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கயலம்மா, கேட்டீர்களே ஒரு கேள்வி! அதற்குப் பதில் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2025இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். தப்பும். உங்களுக்கும் எனக்கும் உடம்பைக் கடிக்கக்கூடிய டி செல்கள் கொஞ்சம் ரத்தத்தில் இருந்துகொண்டேதான் இருக்கின்றன. பெரும்பாலானோருக்கு அவை வாலாட்டுவதில்லை, ஏனென்றால் காவலுக்கு ஆள் உண்டு.

இதன் தொடக்கமும் ஒரு தைமஸ் எடுத்த கதைதான். 1969இல் ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும் எலிக்குட்டிகளுக்குப் பிறந்த அன்று இல்லாமல், மூன்றாம் நாளில் தைமஸை எடுத்தார்கள். குட்டிகள் மில்லரின் எலிகளைப் போல மெலிந்து சாகவில்லை. ஆனால் பெட்டை எலிகளின் சினைப்பை அழிந்துபோனது. ஏழாம் நாளில் எடுத்தால் அப்படி ஆகவில்லை. இது, அந்த நோபலை வாங்கிய மூவரில் ஒருவரான ஷிமோன் சகாகுச்சிக்கு விடாத கேள்வியாகிவிட்டது. தைமஸ் போனால் தாக்கும் செல்கள் குறையத்தானே வேண்டும், தாக்குதல் ஏன் கூடுகிறது? ஆரோக்கியமான எலியின் டி செல்களை அந்தக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், நோய் வரவில்லை. அப்படியென்றால் டி செல்களிலேயே மற்ற டி செல்களை அடக்கும் ஒரு வகை இருக்கிறது, அது தைமஸை விட்டுக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்புகிறது. மூன்றாம் நாளில் கதவைச் சாத்தினால் தாக்குபவை வெளியே, காப்பவை உள்ளே. அந்த நாட்களில் அடக்கும் செல் என்ற பேச்சுக்கே மரியாதை போயிருந்தது. அவர் விடவில்லை. 1995இல், சிடி25 என்ற அடையாளம் உள்ள சிடி4 செல்கள்தான் அவை என்று காட்டினார்.

மற்ற இருவரான மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1940களில் தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரத்தில் சாகும் ஆண் எலிகள் பிறந்தன. அந்தப் பழுது எக்ஸ் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று இவர்கள் இருவரும் தேடி, 20 மரபணுக்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இருபதாவதில்தான் கிடைத்தது. ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தார்கள். 2001இல் வெளியிட்டார்கள். அதே மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதத்திலேயே சர்க்கரை நோய், விடாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி எல்லாம் வரும். சகாகுச்சியின் காவல் செல்களை உருவாக்குவது இந்த மரபணுதான் என்பது அடுத்த இரண்டு வருடத்தில் தெளிவானது.

இந்தக் காவல் செல்களும் தைமஸிலிருந்துதான் வருகின்றன. நம் உடம்புப் புரதத்தைக் கொஞ்சம் அழுத்தமாகப் பிடிப்பவை, ஆனால் சாகும் அளவுக்கு இல்லை. அவற்றில் ஒரு பகுதியைத்தான் தைமஸ் காவலுக்கு ஒதுக்குகிறது. கல்லுக்குப் பக்கத்தில் இருந்தவையே காவலாகின்றன. எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இது சலிக்கவில்லை.

இதில் உங்களுக்கான சேதி ஒன்று. மனிதக் கருவில் இந்தக் காவல் செல்கள் நிறைய இருக்கும். தாயின் செல்கள் கொஞ்சம் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தையின் நிணநீர்க் கணுக்களில் போய்ச் சேரும். குழந்தையின் உடம்பு அவற்றைத் தாக்காமல் விடுவது இந்தக் காவல் செல்களால். ஆகவே கயலுக்கு முதல் காவல் வேலையே உங்கள் செல்களைக் காப்பதாக இருந்திருக்கும். அறுவைக்கு வெகு முன்னால்.

சரி, செக்கப்புக்குக் கேட்க வேண்டியவை. பூசி மெழுகாமல் சொல்கிறேன். குழந்தையில் தைமஸ் எடுத்தவர்களை ஸ்வீடனில் பதிவேடுகளை வைத்துப் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வந்தது. தைராய்டு குறைவும் முதல் வகைச் சர்க்கரையும் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தன, தொற்றுகளும். பெரும்பாலோர் நன்றாகவே வளர்ந்தார்கள். உங்கள் அம்மாவுக்கும் தைராய்டு இருப்பதால், எக்கோவோடு சேர்த்து டி.எஸ்.எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். லிம்போசைட், அதாவது டி செல்களும் அடங்கிய வெள்ளணு வகையின் எண்ணிக்கையும் கேளுங்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல் இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால், போடுவதற்கு முன் அந்தச் சம்மரி வரியைக் காட்டுங்கள். ஃபாலோ டெட்ராலஜி என்பதால் இன்னொன்றும். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாத பிள்ளைகளுக்கு அந்த இதயக் குறையும் சிறிய தைமஸும் சேர்ந்தே வரலாம். அதற்கான பரிசோதனை செய்தார்களா என்று ஃபைலில் தேடுங்கள்.


விலங்கியல் வாத்தியார் எழுதியது:

சரசு அம்மா, ஒத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை வகுப்புக்கு வீட்டிலிருந்து முறமும் கொஞ்சம் கல் கலந்த அரிசியும் கொண்டுபோகப் போகிறேன். எலிக்குட்டிக்கும் மனிதக் குழந்தைக்கும் உள்ள அந்த வித்தியாசம் எனக்கே தெரியாது. கயலம்மா, அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.


கயலம்மா எழுதியது:

சார், மன்னிப்பெல்லாம் எதற்கு. அன்று ராத்திரி உங்கள் பதிலால்தான் கொஞ்சம் தூங்கினேன்.

ஃபைலில் தேடினேன். 22ஆம் குரோமோசோம் பரிசோதனை இரண்டாவது மாதத்திலேயே செய்திருக்கிறார்கள், குறை இல்லை என்று இருக்கிறது. டாக்டருக்கு மெசேஜ் அனுப்பினேன், டி.எஸ்.எச்சும் ரத்த எண்ணிக்கையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

நான் இதைப் படிக்கும்போது கயல் பக்கத்தில் இருந்தாள். நெஞ்சில் உள்ள தழும்பைத் தொட்டுக் காட்டி, இங்கிருந்து எடுத்ததை எங்கேம்மா வச்சிருக்காங்க என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சரசு அக்கா?


லேப் சரசு எழுதியது:

அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். பொதுவாக மருத்துவமனைக் கழிவோடு போய்விடும்.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை. தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு, மிக அபூர்வம். விட்டால் இரண்டு மூன்று வயதைத் தாண்டுவதே கடினம். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் மார்கெர்ட் என்ற மருத்துவர் பல வருடம் அவர்களுக்காக உழைத்தார். கயலைப் போல இதய அறுவை நடக்கும் குழந்தைகளிடமிருந்து, எப்படியும் எடுக்கத்தான் போகிற தைமஸைப் பெற்றோரின் சம்மதத்தோடு வாங்கி, மெல்லிய சீவல்களாக்கி, ஆய்வகத்தில் இரண்டு மூன்று வாரம் வளர்த்து, தைமஸ் இல்லாத குழந்தைக்கு வைப்பார்கள். 2021இல் அதற்கு அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. வைப்பது நெஞ்சில்கூட இல்லை, தொடைத் தசையில். அந்தக் குழந்தையின் மஜ்ஜை செல்கள் வழி கண்டுபிடித்து அங்கே போய்ச் சேர்கின்றன. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் புதிய டி செல்கள் ரத்தத்தில் தெரியத் தொடங்கும்.

டி.எஸ்.எச் வந்ததும் எழுதுங்கள்.